சர்க்கரையோடு வந்த சோப்பு

1974, தை மாதம், வெள்ளிக்கிழமை

மகளின் வளைகாப்புக்குச் சர்க்கரை மலிவாகக் கிடைக்கும் என்றுதான் பத்து ரூபாய் கட்டிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் உறுப்பினரானேன். கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிலோவோடும் இரண்டு துணி சோப்பு கட்டாயம். இன்று சோப்பு வேண்டாம் என்றேன். "அப்ப சக்கரையும் வேணாமா சார்?" என்று குமாஸ்தா மரியாதையாகக் கேட்டார். வாங்கி வந்தேன்.

நாளைக்கே விலகிவிடப் போவதாகச் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

"மைசூர்பாகுக்கு இன்னும் அஞ்சு கிலோ வேணுங்க. கடைத்தெருவுல ரெட்டை வெலை குடுப்பீங்களா?"

"இத்தனை சோப்பை என்னா பண்றது?"

"வளையல் போட்டுக்கினு போறவங்களுக்கு வெத்தல பாக்கோட ஆளுக்கு ஒண்ணு குடுத்துடலாம். ரவிக்கைத் துணி செலவு மிச்சம்."

பட்டுச் சேலையில் வரும் பெண்கள் கையில் துணி சோப்பு!

"சம்பந்தியம்மா என்னா நெனைப்பாங்க?"

"அவங்களும் மெம்பருதான். அவங்க வூட்லயும் இதே சோப்பு அடுக்கி இருக்குது."

அப்படியானால் வளைகாப்புக்கு அவர்கள் கொண்டுவரும் வரிசைத் தட்டில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் தட்டை நீட்டுவதற்குள் நம் சோப்பை நாம் கொடுத்துவிட வேண்டும். விலகுவதாக இல்லை. காலையில் பண்டகசாலை வாசலில் மீதி ஐந்து கிலோவுக்கு முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.