வரிசையில் வைத்த பேக்

மஹய்யாவ,
கண்டி.
12.03.2008

அன்பு மகள் புஷ்பராணிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மருமகனும் பிள்ளையும் சுகமாய் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். முதலில் நல்ல செய்தி. அம்மாவின் பித்தப்பைக் கல்லை எடுக்க இருபத்தெட்டாம் திகதி ஒப்பரேஷன் என்று பெரிய டாக்டர் எழுதித் தந்துவிட்டார். அம்மா அதை லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிகிறாள், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி.

அந்த டாக்டரைப் பார்க்க கனடாவில் இருந்தே கம்ப்யூட்டரில் நம்பர் பதிகிறேன் என்று நீ சொன்னாய், நேரில் நின்று வாங்கினால்தான் நம்பர் என்று நான்தான் வீம்பு பிடித்தேன். விடிய ஐந்து மணிக்கே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் கட்டுகஸ்தோட்டை ரபீகா என்று ஒரு பிள்ளை, உன் வயதுதான் இருக்கும், நன்றாகப் பேசிக்கொண்டு வந்தது. ஏழு மணிக்கு ஒரு பிளேன்டீ குடிக்க ஆசை வந்தது. வழக்கம்போல இடத்துக்கு பேக்கை வைத்துவிட்டுப் போனேன், அம்மாவின் ஸ்கேன் படம், ரிப்போர்ட் எல்லாம் அதற்குள். குண்டு வெடிக்கிற இந்தக் காலத்தில் பேக்கைத் தனியாக வைக்கலாமா என்று திட்டுவாய், திட்டு. திரும்பி வந்தால் ஆட்களெல்லாம் முற்றத்தில், உள்ளே என் பேக் மட்டும், பக்கத்தில் துவக்கோடு ஆமிக்காரர்கள், யாருடையது என்று சிங்களத்தில் கத்துகிறார்கள். குண்டாக இருக்கும் என்று பேக்கை வெடிக்க வைக்கப் போகிறார்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார். அதற்குள் ரபீகா ஓடி வந்து என் கையைப் பிடித்து, மாமா வாங்க, ஒங்கட பேக்குன்னு நான் சொல்லிட்டேன் என்று கூட்டிப்போய், அவர்களிடம் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். திறந்து பார்த்துவிட்டு என் அடையாள அட்டையை இரண்டு தரம் திருப்பினார்கள், ஏசினார்கள், விட்டுவிட்டார்கள். நம்பர் நான்கு கிடைத்தது.

கம்ப்யூட்டரில் பதிந்திருந்தால் எனக்காகச் சொல்ல ஒரு ரபீகா இருந்திருப்பாளா என்று கேட்க நினைத்தேன், வரிசையே இல்லாவிட்டால் பேக்கும் இல்லையே என்பாய். அதுவும் சரிதான். அடுத்த தரம் நீயே பதிந்துவிடு. மருமகனைக் குளிரில் தொப்பி இல்லாமல் வேலைக்கு விடாதே.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன் மகள். ரபீகா கையைப் பிடித்தபோது நான் பேக்கிடம் போய்க்கொண்டிருக்கவில்லை, கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவின் படங்கள் உள்ளே இருப்பது தெரிந்தும்தான் போனேன், அவ்வளவு பயம். உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் பார்த்துக்கொள்வார். அம்மாவுக்கு ஒப்பரேஷன் நல்லபடி முடியட்டும், இதை நானே அவளிடம் சொல்வேன், போனில் நீ முந்திவிடாதே.

உன் அப்பா,
வீரையா