சுவரில் மாட்டிய இருபத்தைந்து எழுத்துகள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஃபோல்டரின் பெயர் அல்ல, அதன் பக்கத்தில் இருந்த தேதிதான் முதலில் என் கண்ணில் பட்டது. ஜூன் பதினான்கு, மதியம் மூன்று பத்து. அதைப் பற்றி எழுதுவதற்கு முன் வழக்கமாக எழுதுவதை எழுதிவிடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனாலும் மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியையும் தனித்தனியாகத் திட்டிக்கொண்டுதான் ஏறுகிறாள். நடு அறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். எப்போதும் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இந்த முறை அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்புள்ள மகனுக்கு என்று தொடங்கினார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்துவிட்டு, "எனக்கு வாய் வரல பாப்பா, நீயே எழுதிடு, எல்லாத்தையும் எழுது, ஒண்ணையும் மழுப்பாத" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். போனில் நான் சொல்லியிருக்கலாம். போனில் நீ நடுவில் பேசுவாய், நீ பேசினால் நான் நிறுத்திவிடுவேன், அது உனக்கும் தெரியும்.

தெரிந்ததையே ஏன் எழுதுகிறாள் என்று நினைக்காதே, வரிசையாகப் போனால்தான் எனக்கு எழுத வரும். இரண்டு வருடத்துக்கு முன் நீ லீவில் வந்திருந்தபோதுதான் அந்தத் தொழிற்சாலையின் அடையாள அட்டை வேலை நம் ஜெராக்ஸ் கடைக்குக் கிடைத்தது. நானூறு பேரின் போட்டோவும் விலாசமும் நம் கம்ப்யூட்டரில் இருக்கும், அதனால் அதில் போட்டிருப்பது எல்லாம் விலை கொடுத்து வாங்கியதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். அதுவரை நம் கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருந்த சிஸ்டம் புரோகிராம் ஓசியில் வந்தது, யார் போட்டது என்றுகூட யாருக்கும் நினைவில்லை. அப்பா பணத்தை உறையில் போட்டு உன் கையில் கொடுத்து, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியும், அசலா ஒண்ணு வாங்கிப் போட்டுக் குடு, நான் பொய்க் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார். இரண்டு நாள் கழித்து நீ ஒரு தாளை நீட்டினாய். அதில் ஐந்து ஐந்தாக இருபத்தைந்து எழுத்துகள். "இதாம்பா சிஸ்டத்தத் தெறக்கிற சாவி, வாங்கியாச்சு" என்றாய். அப்பா அன்றைக்கே அதை லேமினேட் செய்து கடை லைசென்சுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்குக்கூட அதைக் காட்டி, "இந்தத் தெருவுலயே அசல் சிஸ்டம் இருக்கிற ஒரே கடை, என் பையன் வாங்கிப் போட்டது" என்பார். எதிர்க்கடைத் தையல்காரர் வந்து பார்த்து, "படிச்சா ஒண்ணும் புரியலையேண்ணே" என்று சொன்னபோது, "அசலுன்னா அப்படித்தான்யா இருக்கும்" என்றார். நீ அப்போது கடையில்தான் இருந்தாய், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். அப்பா புகழ்வதால் வந்த வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் தொழிற்சாலையிலிருந்து ஒரு மேடம் சரிபார்க்க வந்தார்கள். சிஸ்டம் வாங்கிய பில் எங்கே என்று கேட்டார்கள். அப்பா பில்லுக்குப் பதிலாகச் சுவரைக் காட்டினார். அந்த மேடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தன் போனில் அந்த எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தார்கள், பத்து எழுத்துத் தட்டியதும் மிச்சத்தை போனே போட்டுக்கொண்டது. "சார், இது ஊருக்கே தெரிஞ்ச நம்பர், நெட்டுல சும்மா கெடக்குது" என்றார்கள். அப்பா அப்போதும் சிரித்தார் அண்ணா. "அது எங்களுதுதாம்மா, யாரோ இங்கேர்ந்து பாத்து எழுதிட்டுப் போய்ப் போட்டிருக்கான், சுவத்துல மாட்டினது என் தப்புதான்" என்றார். அந்த மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து எதையெதையோ திறந்து பார்த்து, இது எந்தக் காலத்திலும் காசு கொடுத்து வாங்கியது இல்லை, வேறொரு புரோகிராமை ஓட்டி ஏமாற்றித் திறந்திருக்கிறார்கள் என்று மெதுவாகத்தான் சொன்னார்கள். எப்படி நடந்தது என்று நம்மை எழுதிக் கொடுக்கவும், ஒரு மாதத்துக்குள் சரி செய்யவும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உடனே அப்பா உனக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எங்களுக்கு மத்தியானம், உனக்கு விடிகாலை, உன் பக்கம் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. "தம்பி, அது நீ வாங்கினதுதானே" என்று கேட்டார். நீ முதலில் கெட்டிலை அணைத்தாய். பிறகு, "நான் போட்டது அசல்தாம்பா, நடுவுல திருப்புளி மாமா கை வெச்சாருல்ல, அப்ப என்ன நடந்துச்சோ யாருக்குத் தெரியும்" என்றாய். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்த மாமாவை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, காதில் பென்சில் மாதிரி திருப்புளியைச் செருகிக்கொண்டே கல்யாண வீட்டுக்கும் வந்துவிடுவார் என்று நீதான் கேலி செய்வாய். அப்பா கண்ணாடியைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டதால் அதை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். மாமா கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். "உன்ன நம்பித்தானேய்யா மிஷின விட்டுட்டுப் போனேன், உள்ள இருந்த அசலக் கழட்டிக்கிட்டு டூப்ளிகேட்ட வெச்சு அனுப்பிட்டியே" என்று அப்பா கத்தினார். மாமாவுக்கு முதலில் புரியவே இல்லை. "அண்ணே, அது கழட்டி மாட்டுற சாமான் இல்லண்ணே, நான் ஃபேனும் பவர் பாக்ஸும்தான் மாத்துனேன், பழைய ஃபேனக்கூட உங்க கையிலயே குடுத்தேனே" என்றார். பின்னாலிருந்து யாரோ, "உஷாருண்ணே, விட்டா கரண்டையும் கழட்டிக்குவாரு" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அப்பா நினைத்துவிட்டார். தெரு நாயைக்கூடப் "போப்பா" என்று விரட்டுகிற மனுஷன், அத்தனை பேர் முன்னால் மாமாவைத் திருட்டுப்பயல் என்றார். கடைக்கு வந்து, பழுது பார்த்தவரால் இந்தக் கோளாறு நேர்ந்தது என்று மாமாவின் கடைப் பெயரையும் போட்டுத் தொழிற்சாலைக்குக் கடிதம் சொன்னார். தட்டச்சு செய்தது நான். தொழிற்சாலையின் முப்பது கம்ப்யூட்டர்களையும் மாமாதான் பார்த்து வந்தார். ஒரு வாரத்தில் அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அந்தத் தேதி. சிஸ்டத்தை அழித்துப் புதிதாகப் போட வேண்டும், அதற்குமுன் எல்லாவற்றையும் காப்பி எடுத்து வை என்று அப்பா சொன்னதால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருந்தால் தேதியைப் பார், தேதி பொய் சொல்லாது என்று நீ சொல்லிக் கொடுத்ததிலிருந்து நான் எதைத் திறந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். நீ விமானம் ஏறியது அதே வருடம் ஜூன் பதினாறு. ஃபோல்டரின் பெயர் பழைய பாட்டு, உள்ளே ஒரு பாட்டும் இல்லை, ஒரு புரோகிராமும் ஒரு குறிப்பும் இருந்தன. குறிப்பு இங்கிலீஷில் இருந்தது, எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் வைரஸ் காவலை அணைக்கவும், பிறகு இதை ஓட்டவும், முடிந்ததும் இந்த ஃபோல்டரை அழித்துவிடவும். கடைசி வரியை மட்டும் நீ செய்யவில்லை. செலவு நோட்டை எடுத்துப் பார்த்தேன், மாமா ஃபேன் மாற்றியது மறு வருடம் மார்ச் மூன்று, என் கையெழுத்திலேயே இருக்கிறது. அந்த ஜூன் பதினான்கு மத்தியானம் மவுசுக்கு பேட்டரி வாங்கி வா என்று நீ என்னை அனுப்பினாய், நான் வந்ததும் சிஸ்டம் போட்டாச்சு, இனிமே நீ ராணி மாதிரி உக்காந்து வேலை பார் என்றாய். வகுப்பில் எழுந்து நின்றால் குரல் வராமல் ஒன்பதாவதோடு நான் வீட்டில் உட்கார்ந்தபோது, வாயைத் திறக்காமலே செய்கிற வேலை ஒன்று இருக்கிறது என்று என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது நீ. அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதைப் பார்த்தேன்.

அப்பா பேங்குக்குப் போன நேரம் உனக்கு போன் செய்தேன். நான் செய்யவில்லை என்று நீ சொல்வாய் என்று எதிர்பார்த்தேன், சொல்லியிருந்தால் நம்பியும் இருப்பேன். நீ சிரித்தாய். "எல்லாரும் இதத்தான் பண்றாங்க பாப்பா, அது எவ்வளோ பெரிய கம்பெனி, நம்ம ஒருத்தர் காசு வரலன்னா அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றாய். அப்பா கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அதுலதானே அப்பாவுக்கு வாட்ச், அம்மாவுக்கு மிக்ஸி, உனக்கு ஹெட்போன் எல்லாம் வாங்கினேன்" என்றாய். அப்பா அந்த வாட்சை என் பையன் சம்பாத்தியம் என்று சொல்லித்தான் கட்டிக்கொள்வார். மாமாவைப் பற்றிக் கேட்டதும் உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர்தான்னு நான் சொன்னேனா? யாருக்குத் தெரியும்னுதானே சொன்னேன்" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்பாகிட்ட சொல்லிடாத, தாங்கமாட்டாரு, உனக்குப் புது போன் அனுப்பறேன்" என்றாய். நான் சரி என்றேன். நீ ஏமாற்றியதைவிட, நான் சரி என்று சொல்வேன் என்று உனக்குத் தெரிந்திருந்ததுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. ஒன்பது நாள் சொல்லாமலே இருந்தேன். அந்தக் கம்பெனிக்குத் தெரியாமல் போகலாம் அண்ணா, மாமாவுக்குத் தெரிந்தது.

பத்தாம் நாள் மாமாவின் மனைவி கடைக்கு வந்து, மாமாவின் பள்ளிக்கூடச் சான்றிதழை என்னிடம் நீட்டி இரண்டு ஜெராக்ஸ் கேட்டார். காவலாளி வேலைக்கு மனுப் போடுகிறாராம். வேறு கடைக்குப் போக அவ்வளவு தூரம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வந்திருக்கமாட்டார். அப்பா பக்கம் திரும்பவே இல்லை. மாமாவின் மனைவி போனதும் எனக்குப் பேச வரவில்லை, திரையை அப்பா பக்கம் திருப்பி, பக்கத்தில் செலவு நோட்டை விரித்து, இரண்டு தேதிகளிலும் விரலை வைத்துக் காட்டினேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். "இது எந்த வருஷம்" என்று மட்டும் கேட்டார். பாதித் தாள் உள்ளே போயிருக்கும்போதே லேமினேஷன் மிஷினை அணைத்துவிட்டார், தாள் உள்ளே ஒட்டிக் கருகிய வாசனை வந்தது. சுவரிலிருந்து அந்தச் சாவித்தாளைப் பிடுங்கிக் கிழிக்கப் பார்த்தார், அது கிழியவில்லை, வளைந்து வளைந்து நிமிர்ந்தது. கடைசியில் மேசைமேல் போட்டுவிட்டு, "பணம் செலவாயிடுச்சுப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன அவன் தலையவா எடுத்திருப்பேன்" என்று என்னைக் கேட்டார்.

அம்மா உன் பக்கம்தான் பேசினாள். "பெட்டிக்குள்ள கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்காகப் பெத்த புள்ளைய விட்டுக் குடுப்பீங்களா" என்றாள். "அதுக்காக அடுத்தவ புருஷன விட்டுக் குடுத்திட்டேனே" என்றார் அப்பா. மறுநாள் கூரைக்கு என்று வைத்திருந்த பணத்தை அம்மாவே எடுத்துக் கொடுத்தாள். புது சிஸ்டத்தை பில்லோடு பெட்டியில் வாங்கி வந்தோம். உள்ளே இருந்த சாவி அட்டையை லேமினேட் செய்யவா என்று அப்பா கேட்டார், இதை யார் கண்ணிலும் காட்டக் கூடாது, பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றேன். "காசு குடுக்காதத ஊருக்கே காட்டினேன், காசு குடுத்தத ஒளிச்சு வெக்கணுமா, நல்ல நியாயம்" என்றார், அந்த வாரத்தில் அவர் பேசிய ஒரே வேடிக்கை அதுதான். பிறகு தொழிற்சாலைக்கு இன்னொரு கடிதம் சொன்னார். பழுது பார்த்தவர் மேல் ஒரு குற்றமும் இல்லை, என் மகன் செய்தது, விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். இதை அனுப்பினால் அட்டை வேலை நம் கையை விட்டுப் போகும் என்று சொல்லிப் பார்த்தேன். "போகட்டும், டைப் பண்ணு" என்றார். மேடம் கையில் கொடுத்துவிட்டு வந்தார், இன்னும் பதில் வரவில்லை. மாமா கடைக்கு மட்டும் அவரால் போக முடியவில்லை. இரண்டு முறை தெரு முனை வரைக்கும் போய், "மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்" என்று திரும்பி வந்துவிட்டார்.

இனி வருவது அப்பா உள்ளே இருந்தபடியே சொன்னது, சொன்னபடி எழுதுகிறேன். நீ நல்லா இருக்கணும், ஒரு குறையும் இல்லாம இருக்கணும், அதுல எந்த மாத்தமும் இல்ல. ராத்திரி கண் முழிக்காத. ஹீட்டர் பக்கத்துல துணி காயப்போடாத. எங்கிட்ட உண்மைய மட்டும் சொல்லு, கெட்டதா இருந்தாலும் சொல்லு. அம்மா சொன்னது, வேளைக்குச் சாப்பிடு. நான் ஞாபகப்படுத்துவது ஒன்றுதான், அந்த போனை அனுப்பாதே, அனுப்பினால் திருப்பி அனுப்பும் செலவும் உனக்குத்தான்.

அப்பாவுக்காகவும் அம்மாவுக்காகவும்,
உன் தங்கை.

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு இதைச் சேர்க்கிறேன். தொழிற்சாலைக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு நானே மாமா கடைக்குப் போனேன். அன்றைக்குப் போலவே இன்றைக்கும் அங்கே நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்காமல், அவர்கள் முன்னாலேயே அதைப் படித்துக் காட்டினேன்.