பச்சையப்பன் கண்ணை அடிச்சது நான்தான்

செல்ல மக பானுவுக்கு அம்மா கங்கம்மாள் ஆசையோட எழுதுறது. அயர்லாந்துல நீ உடம்புக்கு ஒண்ணும் வராம, குளிருக்கு நல்லாப் போத்திக்கினு, நைட் டூட்டி முடிஞ்சா நாஷ்டா துன்னாம படுக்காம இருக்கணும்னு எல்லையம்மாவ வேண்டிக்கிறேன். இங்க உங்க நைனா சவுக்கியம், கால் வீக்கம் வத்திடுச்சு. உன் தம்பியும் நானும் சவுக்கியம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரல. ஹேமநாத்து புழல் ஜெயிலுக்குப் போய் இன்னியோட பதினோரு நாள். நம்ம ஊட்டுப் போன் ரெண்டையும் வீடியோ பாக்கணும்னு போலீசு எடுத்துக்கினு போயிட்டாங்க, அதான் கடுதாசி. அன்னிக்கு ரோசம்மா அக்கா போன்ல நீ பேசினப்ப அவங்க ஊட்டுல எட்டு பேர் சுத்தி நின்னுகினு இருந்தாங்க, என்னால ஒண்ணும் சொல்ல முடியல. நீ மட்டும் அழுதுக்கினே சொன்ன, அம்மா நீ வாயத் தொறக்காத, வக்கீல் சொல்ற மாதிரி கம்முனு இரு, தம்பி எப்டியும் வெளிய வந்துடுவான்னு. எனக்கு அப்பவே உன்ன எட்டி ஒரு அறை விடணும்னு இருந்தது. வாட்ச்மேன் பச்சையப்பன் கண்ணு போனது என்னால. உன் தம்பி அவனைத் தூக்கினவன். தூக்கினவன் உள்ள கெடக்கான், அடிச்சவ ஊட்டுல குந்திக்கினு சோறு துன்றேன். எனக்கு எப்டி எறங்கும் அந்தச் சோறு, நீயே சொல்லு.

நடந்தத முழுசா எழுதுறேன், நீ வீடியோல பாத்தது பாதிகூட இல்ல. ஏரியில நம்மாளுங்க பாடு வெச்சிக்கினு இருக்கறது உனக்குத் தெரியும், இன்னிக்கு யார் வலை போடணும்னு முறை, முறை வந்தவன் எறங்குவான், வராதவன் வேற வேலை பாப்பான், யாருக்கும் யார் மேலயும் வயித்தெரிச்சல் கெடையாது. கும்மிடிப்பூண்டி ரோட்டுல அந்த சாமான் கொண்டாந்து குடுக்குற பெரிய கம்பெனி குடோன் போட்டப்புறம் நம்ம பசங்க முப்பத்தியொரு பேர் சாம்பக் கலர் சட்டை மாட்டிக்கினு வண்டி ஓட்டப் போனாங்க. அதுல ஒரு நாள் லீவு போட்டா போச்சு, செல்லு அவனை கீழ தள்ளிடும், ஆர்டரே வராது. நாள் தவறாம ஓட்டுறவனுக்குத்தான் நல்ல ஆர்டர் எல்லாம். நம்ம பசங்க பாடு நாளுல ஏரிக்கும் போவணும், வண்டியும் ஓட்டணும். அதனால இன்னா பண்ணாங்க, இதையும் பாடு ஆக்கிட்டாங்க. மூணு நாலு பேருக்கு ஒரு ஐடி. காலையில ஐடிக்காரன் மூஞ்சியக் காட்டி செல்லைத் தொறந்து குடுப்பான், யாருக்கு அன்னிக்கு ஏரியில முறை இல்லியோ அவன் அந்தச் செல்லை எடுத்துக்கினு ஓட்டுவான். யார் என்னிக்குன்னு உங்க நைனாதான் நோட்டுல எழுதி வெச்சாரு. யாருக்கும் அது தப்புன்னு தோணவே இல்ல பானு. சாமான் போய்ச் சேர்ந்துச்சா இல்லியா, அதானே வேலை.

கெடுத்தது என் வாய். ஹேமநாத்து ஐடி நானூறு நாள் ஒரு நாள்கூட லீவு இல்லாம ஓடிடுச்சாம், அதுக்காக மெட்ராஸ்லேந்து ஒரு ஆபீசர் பூச்செண்டும் கேக்கும் எடுத்துக்கினு ஊட்டுக்கே வந்தான், கூடவே போட்டோ எடுக்க ஒருத்தி. உங்க புள்ளை எப்டிம்மா சலிக்காம உழைக்கிறான்னு கேட்டான். எனக்குப் பெருமை தாங்கல. அது ஒருத்தன் இல்ல சார், நாலு புள்ளைங்க, எங்க ஊர்ல எல்லாமே முறைதான்னு நானே சொல்லிட்டேன், நோட்டை வேற எடுத்தாந்து காட்டினேன். உன் தம்பி பின்னாடி நின்னு கையக் கையக் காட்டினான், நான் அவனுக்குக் கேக்கு வேணுமாக்கும்னு நெனச்சேன். அந்தப் பொண்ணு நோட்டையும் போட்டோ எடுத்துக்கினா. மறுநா விடிஞ்சா முப்பத்தியொரு பேரும் ஓட்டின ஐடி அத்தினியும் செத்துப் போச்சு. செல்லைத் தொறந்தா சிவப்பா ஒரே வரி, மோசடி காரணமா நீக்கம்னு. யாரைக் கேக்கறது? நம்பர் போட்டா மெஷின் பேசுது. வருத்தப்படுறோம்னு சொல்லும், ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னும், அப்பால கட் ஆயிடும். உன் தம்பி ஒரு நாளைக்கு நாப்பது தடவை போட்டான். பாதுகாப்பா வலையப் பாத்துக்கினு கெடந்திருந்தா மோசடிக்காரன்னு பேர் வந்திருக்குமாடான்னு உங்க நைனா ஒரே ஒரு தடவை கேட்டாரு, அவன் செல்லைத் தூக்கி செவுத்துல அடிச்சான்.

நாலாம் நாள் எல்லாரும் குடோனுக்குப் போனோம். நான் வலைக்கு ஈயக் குண்டு கோத்துக்கினு இருந்தவ, மடியில இருந்தத அப்டியே சொருவிக்கினு வண்டி ஏறிட்டேன். பொன்னேரிப் பசங்க, அத்திப்பட்டுப் பசங்க, வேற காரணத்துல நீக்கின பசங்க, அவங்க பொண்டாட்டிங்க, வேடிக்கை பாக்க வந்தவங்கன்னு முந்நூறு பேர் இருக்கும். காலையில எட்டு மணிலேந்து வெயில்ல நின்னோம், பேச ஒரு ஆள் வரல. கேட்டுல இந்தப் பச்சையப்பன் மட்டும் தடியோட நின்னுகினு, உள்ள யாரும் இல்லம்மா, பெரியவங்க எல்லாம் பெங்களூர்ல, எனக்கே அவங்க மூஞ்சி தெரியாதும்மான்னு திருப்பித் திருப்பி சொன்னான். நம்மள நிக்க வெச்சிக்கினே பக்கத்து கேட்டு வழியா வேற ஊர் பசங்கள வெச்சி சாமான் அனுப்பிக்கினே இருந்தாங்க. அதைப் பாத்ததும் யாரோ மொதல் கல்லை விட்டாங்க. அப்பால இன்னா சொல்றது, ஒரே ரகளை. கண்ணாடி எல்லாம் தூள். ரெண்டு வேனைக் கவுத்துக் கொளுத்தினாங்க, டயர் வெடிச்சது காதுல இன்னும் கீது. வெளியூர் பையன் ஒருத்தனை இழுத்துப் போட்டு மிதிச்சாங்க, அவன் அம்மா அம்மான்னு கத்தினான், நானும் நின்னு பாத்தேன். பயமா இருந்துச்சான்னு கேட்டா இல்லடி. நல்லா இருந்துச்சு. நாலு நாளா மெஷின் கிட்ட கெஞ்சினதுக்கு அன்னிக்குத்தான் வயிறு நெறஞ்ச மாதிரி இருந்துச்சு, உன்கிட்ட இன்னாத்துக்கு மறைக்கணும். ஹேமநாத்து கேட்டு மேல ஏறினான், பச்சையப்பன் அவன் முழங்கால்ல தடியால ஒரு போடு போட்டான், புள்ளை கீழ விழுந்தான். நான் மடியிலேந்து குண்டை எடுத்தேன். வக்கீல் சொல்றாரு, ஒருவேளை மாட்டிக்கினா, கேட்டு மேல கேமரா இருந்துச்சு, அதைக் குறி வெச்சு அடிச்சேன்னு சொல்லிக்கலாம்னு. கேமராவ நான் பாக்கவே இல்ல. முப்பது வருஷமா மீன் கூடைய இழுக்க வர்ற நாயை ஓட்டின கை இது. அவன் மூஞ்சியப் பாத்துதான் விட்டேன், தப்பல. அவன் கையால மூடிக்கினு குந்தினான், விரலுக்கு நடுவுல கொழகொழன்னு வந்துச்சு. எல்லாரும் ஓடினாங்க, நானும் ஓடினேன். நொண்டிக்கினே போய் அவனைத் தூக்கி மடியில போட்டவன் உன் தம்பி ஒருத்தன்தான். போலீசு வந்து பாத்தா ரத்தக் கையோட அவன். ஸ்டேஷன்ல வெச்சு அடிச்சதுல இடது கை ரெண்டு விரல் மடங்கல. எவன் எறிஞ்சதுன்னு கேட்டாங்களாம், வாயே தொறக்கலையாம் பையன். அவன் என்னைப் பாத்தான்டி, நான் எறியறத பாத்தான். கொலை முயற்சின்னு எழுதிக் கீறாங்க. அது நின்னுச்சுன்னா சிப்காட்ல ஒரு கம்பெனி அவனைச் சேக்குமா, ஆயுசுக்கும் அந்தப் பேர்தானே.

நீ இன்னாவோ உன் கூட வேலை செய்யிறவங்க எல்லாம் வீடியோ பாத்துட்டு அந்தக் கம்பெனிய திட்டறாங்க, அங்க இருக்குற இந்தியாக்காரங்க எல்லாம் செல்லுலேந்து அந்தக் கம்பெனி ஆப்பையே அழிச்சிட்டாங்கன்னு பெருமையா சொன்ன. இங்கயும் அழிச்சாங்க. ஏழு லட்சம் பேர் பாத்தாங்களாம், பாதிப் பேர் கம்பெனிய கொளுத்துங்கடான்னு எழுதினாங்களாம், பாதிப் பேர் நம்மள ரவுடிங்க, ஐடி திருடனுங்க, சுட்டுத் தள்ளணும்னு எழுதினாங்களாம். டிவில நாலு பேர் கோட்டு போட்டுக்கினு கத்தினாங்க. அஞ்சு நாள்தான். ஆறாம் நாள் நம்ம டீக்கடைக்காரன், அன்னிக்குக் குடோனுக்கு மொதல் ஆளாப் போனானே, அவன் அதே கம்பெனில மிக்சி ஜாரு வரவெச்சான். சீக்கிரமா வருது அக்கா, நான் இன்னா பண்றதுன்னு என்கிட்டயே சொல்றான். ஜாரைப் புடுங்கி ரோட்டுல போட்டு ஒடச்சிட்டேன், நல்லவேளை அவன் கை இடுக்குல மூடி மட்டும் மாட்டிக்கினு தப்பிச்சுது. அந்தக் கம்பெனிய பத்தி எனக்கு மனசு மாறல, சத்தியமா மாறல. பச்சையப்பனுக்கும் அவங்க இன்னா சொன்னாங்க தெரியுமா, அவர் எங்க ஆள் இல்ல, வேற ஏஜென்சி ஆள்னு. நம்ம பசங்கள எங்க ஆள் இல்ல, பார்ட்னர்னு சொன்னாங்களே, அதே பேச்சு. ஆஸ்பத்திரில படுத்திருக்கிறவனுக்கு செல்லுல தெனம் ஆப்சென்ட் விழுது.

இதெல்லாம் எனக்கு எப்டித் தெரியும்னா நான் போய்ப் பாத்தேன். உங்க நைனாகிட்டகூட சொல்லாம முந்தாநாள் பஸ் ஏறி பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஊத்துக்கோட்டைக்காரன் அவன், நாப்பது வயசு இருக்கும், ஒரு பக்கம் பூரா கட்டு. கண்ணை எடுத்துட்டாங்க. கட்டிலாண்ட அவன் பொண்டாட்டி மணியம்மா குந்தியிருந்தா. நான் ஆரஞ்சுப் பழத்தை வெச்சிட்டு நின்னேன், யாருன்னு அவ கேட்டா. அவன் இருக்கிற ஒத்தக் கண்ணால என்னைப் பாத்துட்டு, ஈயக்குண்டு அம்மாதான் இதுன்னு அவளுக்குச் சொன்னான். அவ எழுந்து என் தலைமுடியப் புடிச்சு செவுத்துல மோதினா, செருப்பால அடிச்சா, வார்டே பாத்துது. நான் தடுக்கல, தடுக்கறதுக்கு எனக்கு இன்னா வாய் இருக்கு. நர்சு வந்து பிரிச்சு விட்டதுக்கப்புறம் அவன் பேசினான். போலீசு கேட்டப்ப கூட்டத்துல யாருன்னு பாக்கலன்னு சொல்லிட்டேன்னான். ஏன்யான்னேன். எனக்கும் ஒரு அம்மா இருந்துச்சுன்னு ஏதாவது சொல்லுவான்னு நெனச்சேன். அப்டியெல்லாம் இல்ல. பத்து நாளா நானும் போன் போடறேன், ஏஜென்சிக்குப் போட்டா கம்பெனியக் கேளுங்கறான், கம்பெனிக்குப் போட்டா மெஷின் பேசுது, என் கண்ணு போனதுக்கு இன்னார் பொறுப்புன்னு சொல்ல ஒரு மனுசன் இல்ல, நான் கைய நீட்டி உன்னைக் காட்டினா அவனுங்க தப்பிச்சிடுவானுங்கன்னு பாத்தேன், ஆனா நீயும் அந்த மெஷின் மாதிரிதானே ஓடி ஒளிஞ்சிக்கினேன்னான். அந்தப் புள்ளை என்னைத் தூக்கிக்கினு அண்ணா அண்ணான்னு அழுதான், அவன் இல்லன்னு நான் சொல்றேன், யாருன்னு நீ சொல்லுன்னான். செருப்படி வலிக்கல பானு. இது வலிச்சுது.

அதனால வர்ற திங்கக்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போறேன். இந்தக் கடுதாசி உன் கைக்கு வர்றதுக்குள்ள நான் உள்ள இருப்பேன், நீ ரோசம்மா அக்காவுக்குப் போன் போட்டுப் பேஜாரு பண்ணாத. உங்க நைனாகிட்ட நேத்து சொன்னேன், மாத்துத் துணி எத்தினி எடுத்துக்கினு போவணும்னு மட்டும் கேட்டாரு. தம்பி வந்தா அவனைத் திட்டாத, அம்மாவ உள்ள அனுப்பிட்டு நீ வெளிய வந்தியான்னு ஒரு வார்த்தை கேட்டுடாத, தாங்க மாட்டான். அவன் விரலுக்கு இன்னா வைத்தியம்னு உங்க டாக்டருங்களக் கேட்டு சொல்லு. எனக்கு வக்கீல் வெக்கறேன்னு ஓவர்டைம் பாத்து உடம்பக் கெடுத்துக்காத. உங்க அம்மா இன்னா பண்றாங்கன்னு அங்க யாராவது கேட்டா மீன் விக்கறாங்கன்னே சொல்லு, அது பொய் இல்லியே. பச்சையப்பன் பொண்டாட்டிக்கு உங்க நைனா வாரம் ஒருக்கா போய் ஆவறதப் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு, அவ தொரத்தினா தொரத்தட்டும்.

எல்லையம்மா உன்ன நோவு நொடி இல்லாம வெச்சிருக்கட்டும், நீ தொடற நோயாளிங்க எல்லாம் எழுந்து நடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கோ, இந்தக் கடுதாசியக் கிழிச்சிடாத. நான் தைரியசாலி இல்லடி, கோவக்காரி, அவ்ளோதான். ஸ்டேஷன்ல நாலு லத்திய பாத்ததும், ஜட்ஜு மொறைச்சதும், வக்கீல் சொல்லிக் குடுத்த மாதிரி கேமராவத்தான் அடிச்சேன்னு நான் மாத்திச் சொன்னாலும் சொல்லுவேன். அப்டி சொன்னேன்னு கேள்விப்பட்டா இதைக் கொண்டாந்து அவங்ககிட்ட குடு. பெத்தவளாச்சேன்னு பாக்காத.

உன் அம்மா,
செ. கங்கம்மாள்