மனிதர்களை நீ பார்த்துக்கொள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் முதுகுவலி தேவலையா? மின்னஞ்சல் என்றால் ஒரே வரியில் முடித்துவிடுகிறேன் என்று குறைபட்டாய். அதனால் பேனாவை எடுத்தேன்.

ஓர் உதவி வேண்டும். பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக் காட்ட நான் எழுதிய மென்பொருள் கைமீறி வளர்ந்துவிட்டது. யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்ததில் இப்போது நாற்பது பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். புதியவர்களை வரவேற்பது, கேள்விகளுக்குப் பதில், அறிவிப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் என் தலையில். நிரல் எழுத நேரமே இல்லை.

நீ பத்தொன்பது வருடமாக மருத்துவமனை வரவேற்பு மேசையில் எத்தனை பேரைச் சமாளித்திருக்கிறாய்! நிரலை நான் பார்க்கிறேன், மனிதர்களை நீ பார்த்துக்கொள். யாரைச் சேர்ப்பது, யாரை நிறுத்துவது என்பதும் உன் முடிவுதான். குறுக்கே வரமாட்டேன்.

உன் தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

அத்தான் எழுந்து நடமாடுகிறார், நடமாடியபடியே புலம்புகிறார். உன் ஆட்கள் என் நோயாளிகளைவிட மோசமடா. நோயாளிக்காவது எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியும்.

ஒரு விஷயம். பிசியோதெரபி செய்யும் பெண் ஒருத்தி புதிதாக வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. உன் மென்பொருளைக் கேட்டுக் கேட்டுத்தான் படித்தாளாம். அது எண்களைத் தப்பாக வாசிக்கிறது என்று கண்டுபிடித்து, தானே திருத்தி அனுப்பினாள். உன் தாடிக்காரர், அதுதான் குரல் பகுதியில் பாதியை எழுதியவர், எல்லோரும் பார்க்கிற இடத்தில் அவளுக்கு எழுதிய பதில் இது: "கண்ணு தெரியாதவங்க கோடிங் பண்ண வந்தா இப்படித்தான் இருக்கும்."

மூன்று மாதம் உள்ளே வரக்கூடாது என்று அவரை நிறுத்திவிட்டேன். அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "பரவால்லக்கா, எனக்குப் பழகிப்போச்சு" என்றாள். அந்தப் பழக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இங்க இனி அப்படி நடக்காதும்மா, நான் இருக்கேன்ல" என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ செய்தது சரி. புதிய பதிப்பு பத்து நாளில் வந்தாக வேண்டும், தலைக்கு மேல் வேலை. மற்றவை பிறகு.

தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

மதிய இடைவேளையில் அந்தப் பெண் கூப்பிட்டாள். "அக்கா, அவர் திரும்ப வந்துட்டாரே, உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். நம்பினாளோ என்னவோ. "சரிக்கா, நான் விலகிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். ஜூலை ஒன்றாம் தேதியே அவரை உள்ளே விட்டிருக்கிறாய். 'நீ செய்தது சரி' என்று எனக்கு எழுதியதற்கு முதல் நாள்.

நானும் விலகுகிறேன். பொறுப்பு என்று பெயர் சொல்லி என்னைப் பொம்மையாக உட்கார வைத்தாயே!

அக்கா

ஆகஸ்ட் 6

அக்கா,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

தாடிக்காரர் கூப்பிட்டு, "நான் இல்லாம பதிப்பு வந்துடுமா? பார்க்கலாம்" என்றார். பயந்துவிட்டேன். உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய், அதுதான் நியாயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிப்பு வெளியீட்டுக் கூட்டத்தில் பார்வையற்ற ஒருவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "நம்பரெல்லாம் இப்ப சரியா வாசிக்குது சார். யார் செஞ்சது?" என்று கேட்டார். பக்கத்தில் தாடிக்காரர் நின்றார். "எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்" என்றேன். கேட்டவர் வெகுநேரம் என் கையை விடவில்லை. எனக்குக் கூசிற்று.

நடந்ததை எல்லாம் நேற்று அப்படியே பொதுவில் எழுதிவிட்டேன். எண்களைத் திருத்தியது யார் என்பதையும் எழுதினேன். தாடிக்காரரை மறுபடி நிறுத்தினேன். அவர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆளை நிறுத்தும், சேர்க்கும் அதிகாரம் இனி என்னிடம் இல்லை, மூன்று பேரிடம் கொடுத்துவிட்டேன். நான்காவது இடம் உனக்கு.

அந்தப் பெண்ணிடம் பேச எனக்கு முகமில்லை. என் சார்பில் நீ மன்னிப்புக் கேட்டுவிடேன். நீ சொன்னால் கேட்பாள்.

தம்பி

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

எழுதியதைப் படித்தேன். அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தக் கூட்டத்தைப் பற்றி நீ சொல்லாமலே இருந்திருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. சொன்னாய். அதுவரைக்கும் நல்லது.

ஆனால் மன்னிப்புக் கேட்கும் வேலையையுமா என்னிடம் தள்ளுகிறாய்?

நான்காவது இடத்துக்கு வேறு ஆள் பார். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்றாலும் என் தம்பி, மன்னிக்காமல் எங்கே போவேன்? அவளுக்கு நீ யார்? அவள் மன்னித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

உன் எண்ணை அவளுக்குக் கொடுத்து, அவள் எண்ணை உனக்குத் தரட்டுமா என்று கேட்டேன். "குடுங்கக்கா. ஆனா எடுப்பேனான்னு தெரியல" என்றாள்.

எண்ணைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள், அதற்கு முன் கூப்பிடு. என்ன பேசுவது என்று என்னிடம் கேட்காதே.

அக்கா