இரு குப்பிகளுக்கு ஒரே பெயர்

கார்த்திகை, வியாழன் இரவு.

பாப்பிரெட்டிப்பட்டியில் என் மனைவி செல்வி நடத்தும் ஒப்பனையகத்துக்கு இன்று மணப்பெண் ஒருத்தி தாயுடன் திரும்பி வந்தாள். நான்கு நாள்களுக்கு முன் செல்வி வைத்த ஜெல் நகங்கள் பால் கலந்த நீர்போல் மங்கியிருந்தன. ஓரங்கள் கிளம்பி நின்றன.

"நாளன்னிக்கு முகூர்த்தங்க. இந்தக் கையோட எப்பிடிங்க மணையில உக்கார வெக்கிறது?" என்றார் தாய்.

"தப்பு என்னுதுதாங்க. உக்காருங்க, எடுத்துட்டுப் புதுசா போட்டுத் தரேன்" என்றாள் செல்வி.

பிழை அவளுடையதன்று. குப்பிகளின் ஆங்கிலப் பெயர்களை மறைத்துத் தூய தமிழில் சீட்டு ஒட்டியவன் நான். நகத்தில் பிடிப்பு உண்டாக்கும் பிரைமருக்கும் அதன்மேல் பூசும் பேஸ் ஜெல்லுக்கும் 'அடிப்பூச்சு' என்றே எழுதிவிட்டேன். கூட்டம் மிகுந்த அன்று, செல்வி பேஸ் ஜெல்லையே இருமுறை பூசியிருக்கிறாள். பிடிப்பின்றி நகம் கிளம்பியது. தடித்த பூச்சு, ஜெல்லை உலர்த்தும் புற ஊதா விளக்கொளியில் முழுதும் இறுகாமல் மங்கியது.

அவர்கள் சென்றபின் செல்வி இரு குப்பிகளையும் என்முன் வைத்தாள்.

"ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருக்கீங்களே, இதுங்க என்ன ரெட்டப் புள்ளைங்களா?"

சிரிக்க முயன்றேன், அவள் சிரிக்கவில்லை. அந்தத் தாய் அவளைக் கடிந்தபோது நான் அருகில்தான் இருந்தேன், கைப்பேசியைப் பார்ப்பவன்போல.

காலையில் அந்த அம்மையாரை அழைத்துச் சொல்லியாக வேண்டும். என்ன சொல்வதென எழுதிப் பார்க்கிறேன். 'அவையோரே' என்று மேடை உரைகளை எழுதத் தொடங்கிப் பழகிய என் கைக்கு, 'அம்மா, அது என் பிழை' என்பதற்குமேல் ஒன்றும் வரவில்லை.