அழுகைக்கு மூன்று சரக்கு

மதுரை
மாசி மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் மதுவந்திக்கு,

அம்மா அகிலாண்டம் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பில் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, பேப்பரைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருக்க மீனாட்சி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். ஆனால் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி வைத்துக்கொண்டு மேலே எழுத எனக்கு வராது. போனில் பேசலாம்தான். பேச ஆரம்பித்தால் பிள்ளை அழுகிறான், அப்புறம் நீ அழுகிறாய், அப்புறம் நீயே கட் பண்ணிவிடுகிறாய். நாகமலை புதுக்கோட்டையில் உன்னோடு படித்த பிருந்தா லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தைவானுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிள்ளை தூங்கும்போது நிதானமாகப் படி.

போன வாரம் நீ ஒரு போட்டோ அனுப்பினாயே, கிண்ணத்தில் கஷாயம், பக்கத்தில் மூன்று சரக்கு, கூடவே உன் தைவான் மாமியாரைப் பற்றி உன் குரல். “ம்மா, இந்தம்மா என்னையப் பைத்தியம்னு முடிவு கட்டிருச்சு, தெனமும் இதக் காய்ச்சி மூஞ்சிக்கு நேரா நீட்டுது, என்னால முடியலம்மா, டிக்கெட் போடு, நான் வந்துர்றேன்.” அதை நம் நாட்டு மருந்துக் கடையில் வைத்துத்தான் கேட்டேன். பக்கத்தில் கடுக்காய் புடைத்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு காதிலும் விழுந்துவிட்டது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே கடை வேலை பார்த்தவள், அவளுக்கு மனசு கேட்குமா, “ஏக்கா, பச்ச ஒடம்புக்காரிக்கு என்னத்தையோ ஊத்துறாக, நீ இங்கன நெறுத்துக்கிட்டு நிக்கிற, நீயெல்லாம் ஒரு ஆத்தாளா” என்று என்னைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டாள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது. ஆனால் சரக்கைப் பார்க்காமல் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, ஊர் ஊராகப் பை தூக்கி ஆவாரம்பூப் பொடி விற்ற நாளிலிருந்து நாக்கில் வைக்காத சரக்கை நான் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. அதனால் உன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்வாகச் சீவி வைத்திருந்தது நம் அதிமதுரம். இன்னொன்று கோதுமை, அதிலும் தண்ணீரில் மிதக்கிற சோகைக் கோதுமை, நாம் தூற்றித் தள்ளுவோமே அது. மூன்றாவது சுருங்கின சிவப்புப் பழம். பேரீச்சை என்றார் அப்பா. கண் ஆபரேஷன் ஆனவர், சொல்லட்டும் என்று விட்டேன். அது இலந்தைக்குப் பெரியப்பன் மகன் மாதிரி, அந்த ஊரில் விளைவது. அது இங்கே கிடைக்கவில்லை, காய்ந்த இலந்தையைப் போட்டுக் கடையின் பின்கட்டில் காய்ச்சினேன். நான் ஒரு டம்ளர், தங்கப்பொண்ணு ஒரு டம்ளர். என்னைத் திட்டினவள் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, “இம்புட்டு இனிப்பா ஒரு மருந்தா, இதுக்கா அந்தப் புள்ள அழுகுது, நாளைக்கும் வையிக்கா” என்றாள்.

குடித்ததோடு விடவில்லை. கே.கே. நகரில் சித்த வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஸ்ரீலட்சுமி நம்மிடம்தான் சரக்கு எடுக்கிறார், அவரிடம் போட்டோவைக் காட்டினேன். அவர் புத்தகமெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், இது சீன வைத்தியத்தில் ரொம்பப் பழைய கஷாயமாம், ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேலே ஆகிறதாம், காரணம் சொல்லத் தெரியாமல் அழுது அழுது, கொட்டாவி விட்டுக்கொண்டு, தூக்கமில்லாமல் கிடக்கிற பெண்களுக்கு என்றே எழுதி வைத்ததாம். யோசித்துப் பார் மது. எங்கேயோ ஒரு வைத்தியன், அந்தக் காலத்தில், பெண்பிள்ளை அழுகிறாளே என்று அதையும் ஒரு நோவாக மதித்து மருந்து கட்டியிருக்கிறான். கசப்பாக ஒன்றும் போடவில்லை, பேய் ஓட்டச் சொல்லவில்லை, தானியமும் பழமும் இனிப்பு வேரும் வைத்துக் கொடுத்திருக்கிறான். உன் மாமியார் உன்னைப் பைத்தியம் என்று நினைத்து அதைக் காய்ச்சவில்லை. உன் அழுகை உன் உடம்பிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஸ்ரீலட்சுமி இன்னொன்றும் சொன்னார், “அக்கா, பிள்ள பெத்த பத்து நாள் அழுக வரும், போயிரும். மாசக்கணக்குல வந்தா அத எங்க கஷாயமும் தீக்காது, அவுக கஷாயமும் தீக்காது, டாக்டர்ட்டதான் போகணும்” என்று. வைத்தியரே சொல்கிறார், உனக்குப் பத்து நாள் எப்போதோ தாண்டிவிட்டது, கேட்டுக்கொள்.

இதற்குள் ஒன்று நடந்தது. திங்கட்கிழமை ஒருவர் வந்து தொண்டைக் கட்டுக்கு அதிமதுரம் கேட்டார். தராசில் போட்டுக்கொண்டே எல்லோரையும் கேட்கிற மாதிரி அவரையும் “பிரஷர் இருக்காண்ணே, இருந்தா இது ஆகாது” என்று கேட்டேன். கேட்ட வாயை அப்படியே மூடிக்கொண்டேன். எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறித்தானே உன்னை விமானத்தில் ஏற்றாமல் விட்டார்கள். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே உனக்கு வீடியோ போட்டேன், நீ தூங்கிக்கொண்டிருந்தாய், சம்பந்தியம்மா எடுத்தார். அவருக்கு என் பேச்சு தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது, மாப்பிள்ளை ஆபீஸில். அதிமதுரக் குச்சியைத் தூக்கிக் காட்டினேன், அவரும் சந்தோஷமாகத் தன் சீவலைத் தூக்கிக் காட்டினார். அப்பாவுக்குப் பார்க்கிற பிரஷர் மெஷினை எடுத்துத் தங்கப்பொண்ணு கையில் சுற்றி, உன் கல்யாணப் போட்டோவைத் தொட்டு, கையை மேலே மேலே ஏற்றிக் காட்டினேன். தங்கப்பொண்ணு வேறு மயங்கி விழுகிற மாதிரி தலையைத் தொங்கப் போட்டு நடித்தாள், வந்த ஆள் பைசாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டார். அடுப்பை அணைத்துவிட்டு, போனைச் சாய்த்து வைத்து, அவர்கள் சாப்பிடுகிற குச்சியால் பாத்திரத்திலிருந்து அதிமதுரச் சீவலை ஒவ்வொன்றாக எடுத்து எனக்குக் காட்டிக் காட்டி வெளியே போட்டார். கடைசியில் மனசு கேட்காமல் பாத்திரத்தையே கவிழ்த்துக் கொட்டிவிட்டார். அன்று சாயங்காலம் உனக்குப் போன் பண்ணி அதைக் குடிக்காதே, பிரஷர் பார் என்று சொன்னேன், நீயும் பார்த்தாய், கொஞ்சம் கூடத்தான் இருந்தது என்றாய்.

உன்னிடம் சொல்லாதது இதுதான். கொட்டின பிறகு அவர் போனை வைக்கவில்லை. பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் வளைத்தார், விரலால் கன்னத்தில் இரண்டு பக்கமும் கோடு இழுத்தார், பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். அவருக்கும் அப்படி இருந்திருக்கிறது. நான் கிண்ணத்தைக் காட்டி, உங்களுக்கு யார் காய்ச்சிக் கொடுத்தது என்கிற மாதிரிக் கேட்டேன். இரண்டு கையையும் விரித்துவிட்டார். ராத்திரி மாப்பிள்ளையிடம் கேட்டேன், அவருக்கே இது தெரியாதாம், “அத்தை, அம்மா இதை ஒருநாளும் சொன்னதில்லை” என்று தட்டுத் தடுமாறி இங்கிலீஷில் சொன்னார். ஆகையால் தாயி, “எனக்கு ஆகாததக் கொடுத்துட்டாக” என்று இதை ஒரு சண்டைக்கு எடுத்துக்கொண்டு போகாதே. அவர் கொடுத்தது உனக்கு ஆகாத சரக்கு, அது உண்மை, அதற்காகத்தான் நிறுத்தியாயிற்று. கொடுத்த கையை நீ தள்ள வேண்டாம்.

இனி உன்னை நான் கேட்டுக்கொள்வது. பிரசவம் பார்த்த அந்த டாக்டரம்மாவிடமே இந்த வாரம் போ. என்னிடம் சொன்னாயே, பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது, குளிக்கப் போனால் அங்கேயே உட்கார்ந்து அழுகிறேன் என்று, அதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொல். மாத்திரை கொடுத்தால் பால் கொடுக்கிறதையும் பிரஷரையும் இந்தக் கஷாயம் குடித்ததையும் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிடு. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகிறோம், இதற்குப் போவதில் என்ன வெட்கம், எந்தச் சொந்தக்காரி கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வேண்டாத எண்ணம் ஏதாவது தலைக்குள் வந்தால் அந்த நிமிஷமே மாப்பிள்ளையைக் கூப்பிடு, தனியாக உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டாதே.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர ஆசைப்படாத பெண் உண்டா, உனக்குக் கிடைக்கவில்லை, அப்பா கண் ஆபரேஷனோடு இருந்ததால் எனக்கும் கிளம்ப முடியவில்லை, நீ ஏங்குவதில் தப்பே இல்லை. ஆனால் பிரஷர் ஏறின உடம்போடு, கைப்பிள்ளையோடு உன்னைத் தனியாக இரண்டு விமானம் மாறி வர விட மாட்டேன். நான் வாரேன். பிள்ளை பிறந்த வாரமே மாப்பிள்ளையிடம் கடிதம் வாங்கி விசாவுக்குக் கொடுத்திருந்தேன், கிடைக்காவிட்டால் அதற்கும் அழுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை கைக்கு வந்துவிட்டது, அன்றைக்கே டிக்கெட் போட்டாயிற்று, பங்குனி பிறந்ததும் கிளம்புகிறேன். நன்னாரி சீசனில் கடையை விட்டுவிட்டா என்று பத்துப் பேர் கேட்டார்கள். அப்பா, “நீ போயிட்டு வா, கல்லாவ நான் பாத்துக்குறேன்” என்றார். தங்கப்பொண்ணு அங்கேயே, “அண்ணே கல்லாவுல உக்காந்தா கேட்டவுகளுக்கெல்லாம் கொசுறு குடுத்தே கடைய முடிச்சிருவாரு, நீ தைரியமா போ, நான் அவரப் பாத்துக்குறேன்” என்றாள். அப்படித்தான் ஏற்பாடு.

வந்து உன் பக்கத்தில் இருப்பேன், பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன், நீ தூங்கு. போகிற டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறேன். திரும்பி வருவது நான் ஒருத்தியா, நீயும் பேரனும் சேர்ந்தா என்பதை உடம்பு தேறின பிறகு நீ சொல். எது சொன்னாலும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், மாப்பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிட்டேன், அவர் சரி என்றார். அதுவரைக்கும் நாளை எண்ணிக்கொண்டிராதே, சாப்பிடு, படு.

பேரனுக்குச் சுங்குடித் துணியில் தைத்த சட்டையும், சம்பந்தியம்மாவுக்கு ஒரு சால்வையும் பிருந்தாவிடம் கொடுத்திருக்கிறேன், சால்வையை நீயே உன் கையால் அவருக்குப் போர்த்திவிடு. காலையிலும் சாயங்காலமும் பிரஷர் பார்த்து எனக்கு அனுப்ப மறக்காதே, குறைத்துச் சொல்லாமல் மெஷினையே போட்டோ எடுத்து அனுப்பு. உன் மடியும் மனசும் குளிர்ந்து, பிள்ளையும் நீயும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் தாயி.

பெட்டி கட்டத் தொடங்கிவிட்ட உன் அம்மா,
அகிலாண்டம்