மைக்கில் சொல்ல வேண்டிய பாவம்

கோலா சாவா
9 மார்ச் 2025

ஆண்டவர் கண்ணுக்கு மறையாத என் தம்பி புனிதனுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே ஓயாத மழை. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் ஒரே சேறு.

ஏப்ரல் ஆறாம் தேதி விடுதலை என்று எழுதியிருந்தாய். அன்று ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. நீ நேராகச் சபைக்கு வந்து, முன்னால் நின்று, மைக்கில் பாவத்தை அறிக்கை செய்ய வேண்டும். பிறகுதான் வீட்டில் சேர்ப்பாராம் உன் மச்சான். அவர் சபை மூப்பர் அல்லவா, சொந்த வீட்டிலேயே ஒழுங்கு தவறலாமா என்கிறார். நம் சபை மகேந்திரன் அண்ணன் மகனுக்கு அந்தப் போதைத்தூளை நீதானே கொடுத்தாய்? பையன் இன்னும் தேறவில்லை.

கோபிக்காதே. பெண்கள் ஜெபக்குழுவில் தினமும் உன் பேரைச் சொல்கிறோம். வாட்ஸ்அப்பிலும் போட்டிருக்கிறோம்.

அக்கா ரதி


சிறை
18 மார்ச் 2025

அக்கா,

முட்டி வலிக்கிறது. அதையும் வாட்ஸ்அப்பில் போடு.

கொடுத்தேன். கோர்ட்டில் ஒத்துக்கொண்டேன். மகேந்திரன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். போன மாதம் பஸ் ஏறிப் பார்க்க வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். எழும்போது, "வெளிய வந்து என் பையன்கிட்ட நீயே பேசுடா, நான் பேசினா கேக்க மாட்டேங்கறான்" என்றார். உங்கள் சபையிலிருந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.

தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மச்சான், வங்காளதேசப் பையன்களின் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாரே, அவருக்கு யார் மைக் நீட்டினார்கள்? அவர் கையால்தானே எல்லாரும் திருவிருந்து அப்பம் வாங்குகிறீர்கள்?

சபைக்கு வரமாட்டேன். நீ மட்டும் சிறை வாசலுக்கு வா. வெளியே வரும்போது நம்ம ஆள் ஒருத்தர் நிற்கணும், அவ்வளவுதான். இல்லையென்றால் சி ரூசாவில் முருகையாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவேன், தட்டு கழுவ ஆள் தேடுகிறான்.

புனிதன்


கோலா சாவா
7 ஏப்ரல் 2025

தம்பி,

பதில் எழுதாதது என் தப்பு. நேரில் வந்து நிற்பதே பதில் என்று நினைத்தேன். மச்சானிடம் சொல்லத்தான் நேற்றுவரை தைரியம் வரவில்லை.

நேற்று சபையில் அவர் அப்பத் தட்டோடு என் வரிசைக்கு வந்தார். நான் எழுந்தேன்.

"எங்க போற?"

"தம்பி வெளிய வர்றான்."

"மொதல்ல அவன் இங்க வரட்டும்."

"மொதல்ல அந்தப் பசங்க பாஸ்போர்ட்டக் குடுத்துட்டு வந்து தட்டப் பிடிங்க."

மைக் இல்லாமலே சபை முழுக்கக் கேட்டது.

மகேந்திரன் அண்ணன்தான் காரில் கூட்டிப்போனார். சிறை வாசல் சாத்தியிருந்தது. காவலுக்கு நின்ற தமிழ்ப் பையன் சொன்னான்: "தேதி லீவுல விழுந்தா முன்னாடியே விட்டுடுவோம் லா அக்கா. வெள்ளிக்கிழமையே வெளிய வந்துட்டாரு. சாயங்காலம் வரைக்கும் இங்கயேதான் நின்னாரு. வீட்டுக்குப் பேச என் போனக் குடுத்தேன், வேணாம்னுட்டாரு. வர்றவங்க தானா வரட்டுமாம்."

சி ரூசாவுக்கும் போனோம். ஒரு ராத்திரி படுத்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டாயாம். திரும்பி வந்தால் கொடுப்பான் என்று இதை முருகையாவுக்கு அனுப்புகிறேன்.

மச்சான் என்னோடு பேசவில்லை. ஜெபக்குழுப் பெண்கள் யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. பரவாயில்லை.

உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எழுது. நான் வந்து வெளியே நிற்கிறேன். உனக்கு மனசு வரும்போது வா.

ரதி